கிணற்று நீரும் யாழ்ப்பாண நகரமும்

ஆற்றங்கரையில் எழுந்த நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். யாழ்ப்பாண நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோன் கிணற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று நாம் பெயர் சொல்லும் ஒன்றும் மாரியில் மட்டும் உயிர்பெற்று, அராலிப் பக்கத்திலே கடனீரேரியை அடைந்து, கோடையில் மாடு மேயும் வெளியாய்க் கிடப்பது. நல்லூரிலிருந்து ஆண்ட அரசரும், அவருக்குப் பின் 1619இல் இந்நாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் வந்த ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் குடித்தது ஒரே சுண்ணக்கற்பாறையின் நீரையே. கோட்டை மாறியது, கொடி மாறியது, ஊற்று மாறவில்லை.

ஆயினும் நம்மவர் தம் கிணற்றை அறிந்த அளவுக்குத் தம் நீரை அறிந்தாரல்லர். கிணறு ஒருவனுக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியது. அதில் ஊறும் நீரோ ஊருக்கெல்லாம் பொதுவானது. இவ்விரண்டையும் வேறு பிரித்து உணராமையே நகரத்துக்கு நீர் வழங்க எடுத்த முயற்சிகள் பலவற்றின் இடர்ப்பாட்டுக்கு மூலம் என்பதை ஈண்டு காட்ட முயல்வோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குதல் தகும். குடாநாட்டின் அடியிலே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் அதனைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் துளையும் குகையுமாக ஆக்கியிருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் வாடைக் காற்றோடு பெய்யும் மழையே நமக்கு உரிய மழை. அதில் ஒரு பகுதி கடலுக்கு ஓடும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியது பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கித் தங்கும். இவ்வாறு தங்கும் நன்னீர் ஒரு தொட்டியில் நிற்கும் நீர் போன்றதன்று. மூன்று புறமும் கடலும் நடுவே கடனீரேரிகளும் உள்ளமையால், பாறையின் கீழ்ப்பகுதி முழுவதும் உவர்நீர் நிரம்பியுள்ளது. அவ்வுவர்நீரின் மேலே, பாலின் மேல் ஆடை போல, நன்னீர் மிதக்கின்றது.

இம்மிதப்பின் கணக்கை முதலிற் கண்டவர்களுள் ஒருவர் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர். அவர் 1889ஆம் ஆண்டளவில் தம் நாட்டு நிலத்தை ஆராய்ந்து எழுதினார். 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியர், வடகடல் தீவுகளிலுள்ள நீராடல் ஊர்களுக்குக் கிணறு அமைக்கும் பணியில் ஈடுபட்டபோது, அதே முடிவுக்கு வந்தார். கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கே அடர்த்தி மிக்கது. ஆதலால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இக்கணக்கை மறுதலையாகப் பார்த்தாலே அதன் கொடுமை விளங்கும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை அரை அடி தாழ்த்துவோமாயின், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் 20 அடி மேலேறும். கிணற்றை எட்டிப் பார்ப்பவன் கண்ணுக்கு அரை அடி ஒரு பொருளாகத் தோன்றாது. இந்நாட்டை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட ஒல்லாந்தர் இதனை இங்கே காணாது, தம் நாட்டிலே, அதுவும் இங்கிருந்து நீங்கி ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின் கண்டமை வியப்பே.

ஆனால் இவ்வுண்மை நம் முன்னோருக்கு முற்றும் தெரியாததன்று. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு வற்றாக் கிணறு என்று புகழ்பெற்றது. இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரித்து எழுதியுள்ளார். அதன் மேற்பகுதி நீர் இனிமையானது. ஆழத்து நீர் உவர்ப்பானது. இலங்கையர் யாவரும் கேட்ட அதிசயமாகிய இது, உண்மையில் குடாநாட்டுக் கிணறுகள் எல்லாவற்றின் அடியிலும் மறைந்து நிற்பதை ஓரிடத்தில் வெளிப்படக் காட்டும் சாளரமே ஆகும். கீரிமலைக் கேணியும் அத்தகையது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்றி அங்கே நீராடுவோர், வலிகாமத்தின் உள்ளூர்களில் மாரியிற் பெய்து பாறைக்குள் இறங்கி, கடலை நோக்கி வெளிப்படும் மழைநீரிலேயே நீராடுகின்றனர். அவ்வூற்று நிற்காது ஓடுமளவும் உவர்நீர் உட்புகாமல் விலகி நிற்கும்.

இனி, இந்நீரை முன்னோர் எடுத்த முறையைக் கூறுவாம். துலாவே அக்காலத்து இயந்திரம். ஆடுகாலின் மேல் ஏந்தப்பட்ட நீண்ட துலாவிலே ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பர். கிணற்றுக் கட்டிலே ஒருவர் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவர். வேறொருவர் தறையிலே நீர் கட்டுவர். தெனன்ற் முதலாய மேனாட்டார் இதனைக் கண்டு வியந்தனர். வியக்கத்தக்கது உழைப்பு மட்டுமன்று. மனிதனின் கால் சோரும் வேளையில் இறைப்பும் நிற்கும். நிற்கும்போது கிணறு ஊறும். நீருக்கு எல்லை வகுக்க அக்காலத்தில் அரசாணை வேண்டியிருக்கவில்லை. மனித உடலின் களைப்பே எல்லையாக நின்றது.

ஒரு கிணற்றைப் பலர் பங்கு கொள்வதும் வழக்காயிருந்தது. உறுதிகளிலே காணியின் பரப்பை எழுதியபின், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதும் மரபு தொன்றுதொட்டு வருவது. முறைநாள் தவறினால் சண்டை மூளும். வழக்குக் கச்சேரி ஏறும். நீதிமன்றுகளில் கிணற்றுப் பங்கு வழக்குகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதை முதியோர் நகைத்துக்கொண்டே சொல்வர். அவ்வளவு நுணுகிக் கணக்கிட்ட நம்மவர், பக்கத்துக் காணிக் கிணறும் தம் கிணறும் ஒரே நீரிலிருந்து ஊறுவன என்பதை எந்த உறுதியிலும் எழுதவில்லை.

இப்பங்கு முறையைப் புகழ்வோர் அதன் மறுபுறத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும். பங்கில்லாதவர் பலர் இருந்தனர். குடத்தோடு வேலிக்குப் புறத்தே காத்து நின்று, உரியவர் இரங்கி அள்ளி ஊற்றியபோது மட்டும் நீர் பெற்ற மக்கள் நம்மிடையே வாழ்ந்தனர். கிணற்றுக் கட்டிலே அவர்கள் கை படலாகாது என்று சாதி விதித்தது. பாறையின் கீழே அவர் குடிசைக்கும் பிறர் மாளிகைக்கும் ஒரே நீர் ஓடியதை எண்ணினால் அவ்விதியின் பேதைமை நன்கு புலப்படும். கே. டானியல் எழுதிய ‘தண்ணீர்’ என்னும் நாவல் இத்துன்பத்தையே பொருளாகக் கொண்டது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் பல ஊர்களில் கிணறுகள் உடனே திறக்கவில்லை. பொதுக் குழாயைப் பற்றிப் பேசும்போது, அது வசதிக்கு உரியதொன்று மட்டுமன்று, மானத்துக்கும் உரியதொன்று என்பதை மறத்தல் கூடாது.

நகரத்துக்கு வருவோம். யாழ்ப்பாண நகரம் கடனீரேரியின் கரையிலே அமைந்தது. வாணிகத்துக்கும் கோட்டைக்கும் அவ்விடம் ஏற்றது, குடிநீருக்கு ஏற்றதன்று. குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய கரையோரப் பகுதிகளிலே நன்னீர்ப் படை மிக மெல்லியது. அங்கே கிணறு தோண்டினால் சவர்த் தண்ணீரே பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே நகரத்தின் குழாய்நீருக்கு உள்நாட்டை நோக்கிச் செல்ல நேர்ந்தது. திருநெல்வேலி, கோண்டாவில் ஆகிய இடங்களில் செம்பாட்டு மண்ணின் கீழுள்ள கிணறுகளிலிருந்து நீரை ஏற்றி, குழாய் வழியாக நகரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அமைந்தது. 1949இல் நகரம் மாநகர சபை ஆயிற்று. சாம் சபாபதி முதல் மேயரானார். ஆனால் மாநகரம் என்னும் பெயர் வந்தபின்னரும் குழாய் எட்டியது நகரத்தவருள் ஒரு பகுதியினருக்கே. ஏனையோர் தம் வளவுக் கிணற்றையே நம்பினர்.

இவ்விடத்திலே ஒரு செய்தியைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். திருநெல்வேலியும் கோண்டாவிலும் மாநகர எல்லைக்குப் புறத்தே உள்ளவை. நகரம் குடிக்கும் நீர் அடுத்த ஊரின் மண்ணிலே ஊறுவது. அம்மண்ணோ குடாநாட்டிலே மிக ஊக்கமாகப் பயிர் செய்யப்படும் மண். புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகியன ஓய்வின்றி அங்கே விளைந்தன. பின்னர் 1974இல் திருநெல்வேலியிலே பல்கலைக்கழக வளாகம் தோன்றியதும் தோட்டங்களின் நடுவே வீடுகள் நெருங்கின. மாநகர சபைக்குக் கிணறு இருந்தது. கிணற்றைச் சூழ்ந்த தறையில் எவ்வளவு உரம் இடுவது, எங்கே குழி தோண்டுவது என்று சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை. தன் வாய்க்குள் போவதைத் தான் ஆளமுடியாத நகரம் என்றே இதனைச் சொல்லலாம்.

நகரத்துள்ளேயும் நிலைமை எளிதாயிருக்கவில்லை. கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இந்நகரத்துக்கு அமையவில்லை. முற்காலத்தில் வாளி வைத்து மலத்தை அகற்றும் முறை இருந்தது. அதனைத் தலையிலும் வண்டியிலும் சுமந்து சென்றோர் பட்ட இழிவையும் நோயையும் எண்ணினால் அம்முறை ஒழிந்தமைக்கு மகிழவே வேண்டும். அதன் இடத்தைப் பிடித்தது நீர் நிற்கும் வளைகுழாய்க் கோப்பையும் நிலத்துள் இறங்கும் குழியும். மனிதத்தன்மைக்கு ஏற்ற இம்மாற்றம் கிணற்றுக்கு ஊறாய் முடிந்தது. முன்னர் ஊருக்குப் புறத்தே சென்றது இப்போது வளவுக்குள்ளேயே, வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் இறங்கத் தொடங்கிற்று. களிமண் போன்ற நிலத்திலே கழிவுநீர் மெல்ல ஊர்ந்து வடிகட்டப்படும். வெடிப்புள்ள பாறையிலோ அது வாய்க்காலில் ஓடுவதுபோல் ஓடும்.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியார் நெடுங்காலம் கூறிவந்த விதி. நகரத்திலே இரண்டு பரப்புக் காணி ஒருவனுக்கு இருப்பதாகக் கொள்வோம். அஃது 20 பேர்ச். சதுர அடியிற் சொன்னால் 5,445. ஏறத்தாழ 60 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்ட வளவு. அவன் முன்மூலையிலே கிணறும் பின்மூலையிலே குழியும் வைத்து விதியை நிறைவேற்றிவிடலாம். ஆனால் வேலிக்கு அப்பால் அயலவன் தன் விதியை நிறைவேற்றி வைத்த குழி, இவன் கிணற்றிலிருந்து 15 அடியில் இருக்கக்கூடும். இருவரும் சட்டம் தவறாதவர்கள், நீர் கெட்டுவிட்டது. ஒவ்வொரு வளவையும் தனித்தனியே எடுத்து விதி வகுப்பதன் குறை இதனினும் தெளிவாக வேறெங்கும் காணப்படுமோ அறியேம்.

கிருமிகளைக் கொதிநீர் கொல்லும். நைத்திரேற்றை அது கொல்லாது. நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சிய நீரிலே அதன் செறிவு சிறிது கூடவும் செய்யும். மலக்குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்றுக்கு வரும் இப்பொருள் கைக்குழந்தையின் குருதியைக் கெடுத்து உடலை நீலநிறமாக்கும் என்பதை 1945இல் அமெரிக்க மருத்துவர் கொம்லி எடுத்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் ஒரு இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றே எல்லை என்று வகுத்துள்ளது. 1980களில் குடாநாட்டிலே நடைபெற்ற ஆய்வுகள் பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்தமையைக் காட்டின. நிறமும் மணமும் சுவையும் இல்லாத இந்நஞ்சை நம் தாய்மார் எவ்வாறு அறிவர்? கிணற்று நீர் தெளிவாயிருந்தால் நல்ல நீர் என்பதே தலைமுறை தலைமுறையாக வந்த அளவுகோல். அவ்வளவுகோல் பொய்த்தது இங்கேதான்.

இதற்கிடையே இறைப்பும் மாறிற்று. 1950களிலிருந்து துலாவின் இடத்தை மண்ணெண்ணெய் இயந்திரமும், பின்னர் மின்விசை இயந்திரமும் கவர்ந்தன. 1970இன் பின் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டக்காரன் கையிலே பணம் புரண்டது. அதனை அவன் கல்வியிலும் கல்வீட்டிலும் இயந்திரத்திலும் இட்டான். அவனைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம்மிற் பலர் படித்தது அப்பணத்திலேயே. எனினும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. பட்டையால் ஒரு நாள் முழுவதும் இறைத்ததை அது சில மணி நேரத்தில் இறைத்துத் தள்ளியது. முன்பு மனித உடல் வகுத்த எல்லை நீங்கியபோது, அதற்கு ஈடாக வேறோர் எல்லையை ஊரோ சபையோ அரசோ வகுக்கவில்லை.

நீரைப் பொதுப்பொருளாகக் கண்டு வகுத்த பெருந்திட்டம் ஒன்று உண்டு. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமே அது. தொண்டைமானாறு, உப்பாறு ஆகிய கடனீரேரி வாய்களிலே அணையிட்டுக் கடல்நீரைத் தடுப்பது. ஆனையிறவுக் கடனீரேரியிலே கனகராயனாறு கொண்டுவரும் வன்னிவெள்ளத்தைத் தேக்குவது. அதனை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குச் செலுத்துவது. ஆண்டுக்காண்டு உவர் கழுவப்பட, ஏரி நன்னீராக, அதன் கரையிலுள்ள கிணறுகளும் இனிதாவது. கிணறுகளை ஒன்றொன்றாகத் திருத்தாது, அவற்றுக்கு அடியிலுள்ள நீரைத் திருத்த நினைத்தமையே இதன் பெருமை. அணைகள் சில எழுந்தன, வாய்க்காலும் வெட்டப்பட்டது, திட்டம் முற்றுப்பெறவில்லை. பேணுவாரின்றிக் கதவுகள் பழுதுற்றன. கடல் பழைய வழியே மீண்டும் உட்புகுந்தது.

இத்தகைய நோக்கு வெறுங்கனவன்று என்பதற்குப் பிறநாட்டுச் சான்று ஒன்று காட்டலாம். அம்ஸ்ரர்டாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளின் கீழுள்ள நன்னீரைக் குடித்து வந்தது. நம் குடாநாட்டைப் போலவே அங்கும் நன்னீர் உவர்மேல் மிதப்பது. மிகுதியாக எடுத்தமையால் அங்கும் உவர் மேலேறிற்று. அந்நகரத்தார் கிணற்றைக் கைவிடவில்லை. 1957 முதல் இறைன் ஆற்று நீரைச் சுத்திசெய்து கொண்டுவந்து மணலுக்குள் இறக்கி, எடுத்ததற்கு ஈடு செய்து வருகின்றனர். நமக்கு இறைன் இல்லை. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களை முன்னோர் விட்டுச் சென்றனர். நல்லூரின் யமுனா ஏரியும், நகரத்தின் ஆரியகுளமும், புல்லுக்குளமும், நாயன்மார்கட்டுக் குளமும் மாரி நீரை நிறுத்தி நிலத்துள் இறக்கும் வாய்கள். அவற்றுட் சில தூர்ந்தன. சிலவற்றின் கரையைக் கட்டடங்கள் விழுங்கின. குப்பை கொட்டும் இடமாகக் குளத்தைக் கண்டவன் தன் வீட்டுக் கிணற்றுக்குள்ளேயே அதனைக் கொட்டுகிறான் என்பதை உணர்ந்தானல்லன்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது இயந்திரங்கள் ஓய்ந்தன. மண்ணெண்ணெயும் அருமையாயிற்று. அக்காலத்தை வாழ்ந்து கடந்தோர் வளவுக் கிணறும் கப்பியும் கயிறுமே தம் உயிர் காத்தன என்பர். உண்மையே. போர்க்காலத்தில் குழாய் ஓரிடத்தில் அறுந்தால் நகரம் முழுதும் தவிக்கும். கிணறோ வீட்டுக்கு வீடு உண்டு. ஆதலாற் கிணற்றை இகழ்ந்து குழாயைப் போற்றுவார் கூற்றை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை.

போர் ஓய்ந்தபின் வந்த சோதனை வேறுவகையானது. சுன்னாகத்திலே அனல்மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதை மக்கள் கண்டனர். 2015இல் அது பெருங்கிளர்ச்சியாயிற்று. வீட்டுக்கு வீடு தாங்கிகளில் நீர் கொடுக்க நேர்ந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்பிரலிலே, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டி, 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. அத்தீர்ப்பைக் கிணற்றுப் பங்கு வழக்குகளோடு ஒப்புநோக்குதல் தகும். பழைய வழக்குகள் கிணற்றைப் பற்றியவை. இவ்வழக்கே ஊர்கள் பல உண்ணும் நிலத்தடி நீரைப் பற்றியது.

அதே காலத்தில் நகரத்துக்கு வெளியிலிருந்து நீர் கொணரும் முயற்சியும் நடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010இல் வகுக்கப்பட்ட திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நம்பியிருந்தது. அக்குளத்து நீரால் நெல் விளைக்கும் உழவர் மறுத்தனர். தம் வயலுக்கே போதாத நீரைத் தரமுடியாது என்ற அவர் சொல்லில் நியாயம் இருந்தது. குடிக்க நீரில்லை என்ற நகரத்தார் சொல்லிலும் நியாயம் இருந்தது. முடிவிலே கடலை நோக்கிச் செல்ல நேர்ந்தது. வடமராட்சி கிழக்குத் தாழையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஓகஸ்டிலே திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆற்றலுடையது அது. எந்த உவர் நம் கிணற்றுக்குள் ஏறுமென அஞ்சினோமோ, அதனையே மின்விசையால் பிழிந்து குடிக்கும் நிலை வந்தது.

குழாய் வந்த வளவுகளிலும் கிணறு தூர்க்கப்படவில்லை. குளிக்கவும், துணி துவைக்கவும், வாழைக்கு விடவும் இயந்திரம் முன்போலவே இறைக்கின்றது. குழியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. நீர் எவ்வளவு தாழ்ந்தது, உவர் எவ்வளவு ஏறியது என்று அளந்து எழுதுவோர் மிகச் சிலர்.

அளத்தற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. குடாநாட்டிலே கிணறில்லாத கல்லூரி அரிது. ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்று, கட்டின் விளிம்பிலே அழியாத குறி ஒன்று, குறிப்பேடு ஒன்று ஆகியன போதும். மாதந்தோறும் முதல் நாளன்று, காலையில் இறைப்புத் தொடங்குமுன், மாணவர் இருவர் நீர்மட்டத்தை அளந்து எழுதலாம். இரசாயன கூடத்திலே ஒரு போத்தல் நீரின் உவர்ப்பைச் சோதித்து அதனருகே குறிக்கலாம். ஆவணியில் நீர்மட்டம் மிகத் தாழும். தையில் உயர்ந்து நிற்கும். இவ்விரு எண்களையும் பத்தாண்டு தொடர்ந்து எழுதி வைத்த கல்லூரி ஒன்று இருக்குமாயின், நகரத்தின் நீரைப் பற்றி நடக்கும் அடுத்த விவாதத்திலே அக்குறிப்பேட்டை மேசைமேல் வைக்கலாம்.